சிவார்ட் ஒப்புக்கொண்ட பிழைகள்

சிவார்டுக்கு மனிதர்களையே பிடிக்காது என்று எங்கள் மடத்தில் சொல்வார்கள். அப்படி இல்லை. உள்ளதை மாற்றிப் பேசுகிறவர்களைத்தான் அவருக்குப் பிடிக்காது. இந்தச் சதுப்பு நிலத்தில் பிறந்த நாங்கள் எல்லோருமே வாயைத் திறந்தால் கொஞ்சம் கூட்டித்தான் பேசுவோம் என்பதால், வித்தியாசம் வெளியே தெரியாமல் போயிற்று.

மடத்தின் ஆண்டுப் புத்தகத்தை எழுதுவது அவர் வேலை. என் தலையில் மழிப்பதற்கு முடி இருந்த காலத்திலிருந்தே அவர்தான் எழுதிக்கொண்டிருந்தார். யார் செத்தார், எந்த ராஜா என்ன வரி போட்டார், வெள்ளம் எந்தப் படி வரை ஏறியது, எல்லாம் அதில் இருக்கும். புத்தகத்தோடு ஒரு தனி ஏடு நூலில் தொங்கும். வருடம் முழுவதும் காதில் விழுந்ததை யார் வேண்டுமானாலும் ஈயக் குச்சியால் அதில் குறித்து வைக்கலாம். வருடக் கடைசியில் அவர் அதை எல்லோர் முன்னாலும் படிப்பார். அவர் கேள்விகளுக்குத் தாக்குப்பிடித்தது மையில் ஏறும், மற்றது அடுப்புக்குப் போகும். பெரும்பாலும் அடுப்புக்குத்தான் போகும்.

"யார் பாத்தா? நீ பாத்தியா? எவ்ளோ தூரத்துல நின்ன? மூடுபனி இருந்துதா இல்லையா?" என்று பிடித்துக்கொள்வார். பக்கத்து ஊரில் இரண்டு தலையோடு கன்று பிறந்ததாக ஒருமுறை செய்தி வந்தது. பிப்ரவரிச் சேற்றில் என்னையும் இழுத்துக்கொண்டு நடந்தே போனார். என் செருப்பு ஒன்று இன்னும் அந்தச் சேற்றுக்குள்தான் கிடக்கிறது. கன்றுக்கு ஒரு தலைதான், கழுத்தில் பெரிய கட்டி. "கட்டி" என்று எழுதினார். அந்த ஊர்க்காரர்கள் அதன் பிறகு எங்களுக்கு வெண்ணெய் விற்பதையே நிறுத்திவிட்டார்கள்.

நான் டோவி. வாசலில் ஏழைகளுக்குக் கொடுக்கிற வேலை என்னுடையது. நான் சொல்லப்போகும் வருடத்தில் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. தொடர்ந்து இரண்டு அறுவடை மழையில் அழுகிப் போயிருந்தது. மடத்தலைவர் ரெய்னர் களஞ்சியத்தின் அடித்தரையைப் பார்த்துவிட்டு, வாசல் தானத்தை நிறுத்தச் சொன்னார். கல்நெஞ்சர் இல்லை. உள்ளே இருந்தவர்களுக்கே அறுவடை வரை தாங்குமா என்று தெரியாத நிலை. "செத்தவங்க தட்டைத் தவிர வேற எதுவும் வெளிய போகக் கூடாது" என்றார்.

செத்தவர் தட்டு எங்கள் வழக்கம். ஒரு துறவி இறந்தால் ஒரு வருடம் அவர் இடத்தில் அவர் பங்கு வைக்கப்படும். அவித்த மொச்சை, விலாங்கு மீன், பாலாடைக்கட்டி, ஒரு குவளை பீர், எதிலும் குறைக்க மாட்டோம். எல்லோரும் சாப்பிட்ட பிறகு அது வாசலுக்குப் போகும். சாவு மணி அடித்தபோது வாசலில் முதலில் நின்ற ஏழைக்கு அந்த வருடம் முழுவதும் அது சொந்தம்.

முந்தின இலையுதிர் காலத்தில் எங்களுக்கு அப்படி ஒரு சாவு நேர்ந்தது. ஹாமோ என்கிற இளம் துறவி, வாயாடி, கம்பளி விற்பதற்காக லின் துறைமுகத்தில் கப்பல் ஏறி, கடலுக்கு அக்கரையில் இருக்கிற ஃபிளாண்டர்ஸுக்குப் போனான். கப்பல் கவிழ்ந்தது. தப்பி வந்த மாலுமிகள் இரண்டு பேரையும் சிவார்ட் தனித்தனி அறையில் உட்கார வைத்து விசாரித்தார். இரண்டு பேரும் அவன் மூழ்கியதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். "சகோதரன் ஹாமோ கடலில் இறந்தான்" என்று மையில் எழுதினார். மணி அடித்தபோது வாசலில் நின்றவள் சுனிவா. விலாங்கு பிடிக்கிற புருஷன் அந்தக் கோடையில்தான் காய்ச்சலில் போயிருந்தான். மூன்று பிள்ளைகள், கடைசிக்கு இன்னும் நடை வரவில்லை.

அவள் அந்தத் தட்டை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள், தட்டைத்தான் பார்ப்பாள். குளிர்காலத்தில் அவள் தெருவில் இரண்டு குடிசைகள் காலியாயின. அவள் குடிசையில் மட்டும் புகை வந்துகொண்டிருந்தது. மாலையில் அந்தப் புகையைப் பார்த்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

ஈஸ்டர் முடிந்ததும் வாரின் வந்தார். ஆற்றுக்கு மேல் பக்கம் இருக்கிற பெரிய மடத்தின் எழுத்தர் அவர், சிவார்டின் புத்தகத்தைப் பிரதி எடுக்க வந்திருந்தார். சிவார்ட் வாழ்க்கையில் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். எங்கள் மடத்தில் ஈரம் புத்தகத்தைத் தின்னும், அதன் பிறகு எலி தின்னும். பெரிய மடத்தில் உலர்ந்த கல் அறை இருந்தது. அங்கே போன புத்தகம் பிழைக்கும். அந்த வாரம் சிவார்ட் சிரித்ததாக இரண்டு பேர் சொன்னார்கள். எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

மே மாதம் எங்களுக்கு ரத்தம் எடுக்கிற முறை வந்தது. வருடத்தில் சில தடவை உடம்புக்கு நல்லது என்று கையைக் கீறி ரத்தம் எடுத்துவிட்டு நோயாளி அறையில் படுக்க வைப்பார்கள். அங்கே பேசலாம், கணப்பும் இருக்கும். சிவார்ட் எப்போதும் சந்தைக் காலமாகப் பார்த்துத்தான் கையை நீட்டுவார். விருந்தினர் விடுதிக்கு வருகிற வியாபாரிகள் நோயாளிகளைப் பார்க்கிற சாக்கில் வந்து ஊர்க்கதை பேசுவார்கள். அவருடைய புத்தகத்தில் பாதி அப்படி வந்ததுதான், கூடவே ரத்தத்தில் பாதி போயிருக்கும்.

அன்று அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். வந்த கம்பளி வியாபாரி உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, "வாசல் டோவி நீங்கதானா? உங்க மொச்சைக் கஞ்சி இல்லாம உடம்பு தேறிடுச்சுன்னு ஒருத்தர் சொல்லச் சொன்னார்" என்றார்.

"எவன் அவன்?"

"ஹாமோன்னு ஒரு சாமி. ஃபிளாண்டர்ஸ்ல, புரூஜ் பக்கத்துல ஒரு மடத்துல படுத்திருக்கார். கால் உடைஞ்சு சரியா கூடல. மத்தபடி நல்லா பெருத்துட்டார்."

சிவார்ட் கட்டுப் போட்ட கையோடு எழுந்து உட்கார்ந்தார். "எந்தக் காது?" என்றார்.

"என்ன?"

"அவனுக்கு ஒரு காது பாதிதான் இருக்கும். எந்தக் காது?"

"இடது. சின்ன வயசுல நாய் கடிச்சுதாமே. அதையே மூணு தடவ சொன்னார்."

சந்தேகமே இல்லை, ஹாமோதான். அவன் உயிரோடு இருக்கிறான் என்றதும் எனக்கு முதலில் கண்ணில் நீர் வந்தது. வியாபாரி கதவைச் சாத்திக்கொண்டு போனதும் சுனிவாவின் ஞாபகம் வந்தது. மே, ஜூன், ஜூலை. வயலில் எல்லாம் பச்சையாக நிற்கும், வாயில் வைக்க ஒன்றும் இல்லாத மாதங்கள்.

"சிவார்ட், நமக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஆளு நாளைக்குப் போயிடுவான்" என்றேன்.

"அதுக்கு?"

"அறுவடை வரைக்கும் ஹாமோ செத்தே இருக்கட்டுமே. அவனுக்கென்ன, அங்க திங்கறான். இங்க அவ தட்டு நிக்காது."

"உயிரோட இருக்கறவன எப்படிய்யா செத்தவன்னு வெச்சிருக்கறது?"

"வெச்சிருக்க வேணாம். வாய மூடிக்கிட்டு இருந்தா போதும். உங்களுக்கு அது கஷ்டம்னு தெரியும்."

"புத்தகத்துல இருக்கு டோவி. என் கையெழுத்துல இருக்கு. வாரின் அந்தப் பக்கத்துக்கு இன்னும் வரல. வந்தா பிரதியிலயும் பொய் ஏறும். நூறு வருஷம் கழிச்சு ஒருத்தன் படிச்சுட்டு..."

"நூறு வருஷம் கழிச்சு வர்றவன் சாப்பிட்டுட்டு வந்து படிப்பான்யா! இந்தக் குழந்தைங்க இப்ப என்ன பண்ணும்?"

அவர் கை கீறின இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைக் கல் என்றேன், மைக்கூடு என்றேன், இன்னும் ஒன்று சொன்னேன், அதை இங்கே எழுத முடியாது. நோயாளி அறையில் பேசலாம், ஆனால் அதையெல்லாம் பேசக் கூடாது.

மறுநாள் காலைக் கூட்டத்தில் சிவார்ட் எழுந்து ஹாமோ உயிரோடு இருப்பதைச் சொன்னார். எல்லோரும் எழுந்து நன்றிப் பாட்டுப் பாடினோம். வாரின்கூட எங்களோடு நின்று பாடினார். பாட்டு முடிந்ததும் மடத்தலைவர் ரெய்னர், "அப்ப அந்தத் தட்டு இன்னைலேருந்து நிக்குது" என்றார். வேறு என்ன சொல்வார்.

எங்கள் காலைக் கூட்டத்தில் கடைசியாகக் குற்றம் ஒப்புக்கொள்கிற நேரம் உண்டு. மணிக்குப் பிந்தி வந்தவன், பூசையில் தூங்கினவன், பானையை உடைத்தவன் எல்லாம் நடுவில் வந்து முழந்தாளிட்டுச் சொல்ல வேண்டும். அதுவரை நான் பார்த்த காலம் முழுவதும் சிவார்ட் தன் புத்தகத்தில் தப்பு என்று ஒன்றைச் சொல்லி முழந்தாளிட்டதே இல்லை. அன்று வந்தார்.

"உயிரோட இருக்கற ஒருத்தன என் பேனாவால கொன்னுட்டேன். சரியா விசாரிக்காம எழுதினேன்."

ரெய்னர் ஆச்சரியத்தில் தாடையைத் தடவினார். "ஒரு வாரம். பாதி ரொட்டியும் தண்ணியும்."

தண்டனையில் இருப்பவனின் மீதிப் பங்கும் செத்தவர் தட்டைப் போலவே விதிப்படி வாசலுக்குத்தான் போகும் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. சாப்பாட்டு வேளையில் பரிமாறுகிறவர் சிவார்ட் முன்னால் இருந்த மொச்சையையும் மீனையும் பாலாடைக்கட்டியையும் பீரையும் எடுத்து என் கையில் கொடுத்து, வாசல் பக்கம் சைகை காட்டினபோதுதான் உறைத்தது. சிவார்ட் என்னைப் பார்க்கவில்லை. ரொட்டியை மிகச் சின்னத் துண்டுகளாகப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

சுனிவா வழக்கம்போல் தட்டைப் பார்த்தாள். "இன்னைக்கு என்ன சாமி, நேரமாயிடுச்சு?" என்றாள்.

"வேலை இருந்துது. புடி" என்றேன்.

வாரம் முடிந்த காலை சிவார்ட் மறுபடி நடுவில் வந்து முழந்தாளிட்டார். ஒரு பிஷப் இறந்த நாளைத் தப்பாக எழுதிவிட்டாராம். மூன்று நாள். அது முடிந்ததும் வந்தார், வெள்ளம் ஏழாம் படி ஏறவில்லை, ஐந்துதானாம். ஒரு வாரம். ஒரு பிரபுவின் மனைவி பெயரை மாற்றி எழுதிவிட்டாராம். மூன்று நாள். உட்கார்ந்திருந்த இளம் துறவிகளுக்கு முதலில் குஷி. இத்தனை வருடம் எங்களைக் கேள்வி கேட்டே கொன்றவர் அல்லவா? அவர் முழந்தாளிடும்போது ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

நானும் அந்தப் பிழைகளெல்லாம் உண்மைதான் என்று நினைத்தேன். பரவாயில்லை, இந்த மனிதருக்கும் தப்பு வருமா என்று கொஞ்சம் சந்தோஷம்கூட. பிறகு ஒரு நாள் அவர் முழந்தாளிட்டு, "கன்னுக்கு ரெண்டு தல இருந்துது. நான் போயே பாக்கல. சோம்பல்ல கட்டின்னு எழுதிட்டேன்" என்றார்.

என் செருப்பு போன பயணம் அது.

அன்று தோட்டத்துப் பக்கம் அவரை மடக்கினேன். "அந்தக் கன்ன நான் தொட்டுப் பாத்தேன்யா. உங்க பக்கத்துலதான் நின்னேன். எதுக்கு இந்தப் பொய்?"

"உண்மையான தப்பெல்லாம் தீந்துபோச்சு" என்றார். "மொத்தமே ரெண்டுதான் இருந்துது. ஹாமோ ஒண்ணு, அந்தப் பிரபு பொண்டாட்டி ஒண்ணு."

"கூட்டத்துல பொய் சொல்றது பாவம் இல்லையா?"

"பாவம்தான். ஆனா புத்தகத்துல ஒரு எழுத்தக்கூட மாத்தல டோவி. நீ போய்ப் பாரு. ஹாமோவுக்குக் கீழ திருத்தி ஒரு வரி, பிரபு பொண்டாட்டிக்குக் கீழ ஒரு வரி. அவ்ளோதான். மத்தது எல்லாம் எழுதினபடியே இருக்கு." கன்னம் ஒட்டிப் போயிருந்தது. "நான் கெட்டுப் போகலாம். அது கெடக் கூடாது."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எங்கள் மடத்தில் அதற்கும் அனுமதி கிடையாது. கல் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "மைக்கூடுன்னும் சொன்ன" என்றார்.

கெடக் கூடாது என்று அவர் நினைத்த புத்தகத்துக்கு வாரின் வழியாகக் கேடு வந்தது. அவர் நேர்மையான மனிதர், அதுதான் சிக்கல். காலைக் கூட்டத்தில் மூலையில் உட்கார்ந்து ஒவ்வொரு பிழையையும் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் இரண்டு மூன்றைத் தன் பிரதியில் திருத்தினார். பிறகு எழுதுவதை மெதுவாக்கினார். ஒரு வருடம் நடுப்பகலில் சூரியன் மறைந்து கோழிகள் கூண்டுக்குப் போயின. அது வெறும் கருமேகம்தான் என்று சிவார்ட் ஒப்புக்கொண்ட அன்று, இனி இந்தப் புத்தகத்தை நம்ப முடியாது என்று வாரின் மைக்கொம்பை மூடினார்.

மதியம் நான் சிவார்டின் தட்டோடு வாசலுக்குப் போகும்போது வழியில் நிறுத்தினார். படகு தயாராக நின்றது.

"டோவி, ஒரு வார்த்த. அந்த வருஷம் நீங்க இங்கதான இருந்தீங்க? சூரியன் மறைஞ்சுதா இல்லையா? நீங்க ஆமான்னு சொன்னா நான் இருந்து எழுதறேன்."

நான் பார்த்தேன். சமையலறை வாசலில் சிவார்டும் நானும் நின்றோம். நட்சத்திரம் தெரிந்தது. அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பாத்துக்கோ, நல்லா பாத்துக்கோ, நாளைக்கு யாராவது கேப்பாங்க" என்று சொன்னார். இதோ கேட்கிறார்கள். ஆமாம் என்றால் சிவார்ட் கூட்டத்தில் பொய் சொன்னது வெளியே வரும், எதற்குச் சொன்னார் என்பதும் வரும், தட்டு நின்றுவிடும். மொச்சையின் ஆவி என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"வாசல்ல ஆள் நிக்குது. நான் போகணும்" என்றேன்.

வாரின் தலையை ஆட்டிவிட்டுப் படகில் ஏறினார். எழுதின வரைக்குமான ஏடுகளையும் வேண்டாமென்று எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். சமையல்காரர் அவற்றை ஜாடி மூட எடுத்துக்கொண்டார்.

சிவார்ட் படகுத்துறைக்கு வரவில்லை. எழுத்தறை ஜன்னலில் நின்று பார்த்தார். அன்று மாலை முழுவதும் நான் அந்தப் பக்கமே போகவில்லை. போனால் என்ன சொல்வது?

அடுத்த காலை அவர் மறுபடி முழந்தாளிட வந்தபோது கால் மடங்கவில்லை, இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். இப்போது யாரும் யாரையும் இடித்துக்கொள்ளவில்லை. ரெய்னர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னும் எத்தன பிழை பாக்கி இருக்கு சிவார்ட்?"

"அறுவடை வரைக்கும் இருக்கும் ஐயா."

ரெய்னர் முட்டாள் இல்லை. வாசலுக்குப் போகிற தட்டை அவர் தினமும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி. மொத்தத்துக்கும் சேத்து அறுவடை வரைக்கும் தண்டன. இனிமே எழுந்து வர வேணாம். ரொட்டி முழுசா சாப்பிடுங்க" என்றார். நல்ல மனிதர்தான். இதையே ஒரு நாள் முன்னால் சொல்லித் தொலைத்திருந்தால் வாரின் படகு ஏறியிருக்க மாட்டார் என்று எனக்கு இன்றும் அவர்மேல் கோபம் உண்டு.

ஆகஸ்டில் வெயில் அடித்தது. பார்லி அழுகாமல் நின்றது, அறுத்தார்கள், முதல் மாவில் சுட்ட ரொட்டியைக் கோயிலுக்குக் கொண்டு வந்தார்கள். சுனிவா அறுவடைக் கூலிக்குப் போனாள். கடைசிக் குழந்தை வரப்பில் நடந்து பழகியது. சிவார்டின் தட்டு சிவார்டிடமே திரும்பியது.

அந்த வாரமே நான் அவரிடம் போனேன். "இப்ப சொல்லிடலாம் இல்ல? பெரிய மடத்துக்கு எழுதுங்க. நான் சாட்சி சொல்றேன். வாரின் திரும்ப வருவார்."

"என்னன்னு எழுதறது?"

"அந்தத் தப்பெல்லாம் தப்பில்லன்னு."

"தப்புன்னு சத்தியமா முழந்தாள் போட்டுச் சொன்னவன், இப்ப அது பொய்யின்னு எழுதறான். நீ வாரினா இருந்தா எத நம்புவ?" என்றார். "நானா இருந்தா ரெண்டையும் அடுப்புல போடுவேன்."

வருடக் கடைசியில் தனி ஏட்டைப் படிக்கிற நாளுக்கு முன்னால் என்னை எழுத்தறைக்குக் கூப்பிட்டார். சுனிவாவின் தெருவில் எத்தனை பேர் போனார்கள், பெயர் என்ன, நான் நேரில் பார்த்தேனா, கேள்விப்பட்டேனா, எல்லாவற்றையும் பழையபடி குடைந்தார். "வாசல்ல?" என்று கடைசியாகக் கேட்டார். "நம்ம வாசல்ல வாங்கிச் சாப்பிட்டவங்கள்ல?"

"யாரும் இல்ல. இந்த வருஷம் வாங்கிச் சாப்பிட்டது சுனிவாவும் பசங்களும்தான். நாலு பேரும் இருக்காங்க."

"நீயே பாத்தியா?"

"இன்னைக்குக் காலைல பாத்தேன். பெரியவன் என்மேல கல்லு விட்டான்."

அதற்குப் பிறகுதான் மையில் தொட்டு எழுதினார். "இந்த ஆண்டு பஞ்சம். தெருவில் பலர் இறந்தனர். நம் வாசலில் உண்டவர் எவரும் இறக்கவில்லை." யார் தட்டு என்று எழுதவில்லை. கேட்டேன். அது செய்தி இல்லை என்றார்.

அவர் போய்ச் சில வருடமாகிவிட்டது. அந்தப் புத்தகம் எங்கள் ஈர அலமாரியிலேயே இருக்கிறது, வேறு எங்கும் ஒரு பிரதி கிடையாது. புதிதாக வருகிறவர்கள் சில நேரம் எடுத்துப் புரட்டுகிறார்கள். பஞ்ச வருடத்துப் பக்கம் வந்ததும் அந்த வரியைப் படித்துவிட்டு, "இது அந்தத் தப்புத்தப்பா எழுதுவாரே, அவர் எழுதினதுதான?" என்று சிரித்துக்கொண்டே மூடிவிடுகிறார்கள். நான் அந்த வாசலில் நின்றவன். அந்த வரி உண்மை.